கொக்கியைக் கழற்றியவரும் பறக்காத விண்கலமும்

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், இரண்டு நாள் போனைத் தேய்த்துச் சலித்துப்போய், "மாமா, நல்ல ஸ்பேஸ் படம் ஏதாவது போடுங்களேன்" என்றான். யோசிக்காமல் கிராவிட்டியைப் போட்டேன். 2013இல் அந்தப் படம் வந்தபோது த்ரீ-டி கண்ணாடி மாட்டிக்கொண்டு தியேட்டரில் பார்த்துவிட்டு, வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்துபோய் ஸ்டாண்டில் பத்து நிமிடம் சுற்றியவன் நான். தலை அப்படிக் கிறுகிறுத்திருந்தது.

படம் ஓட ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாண்ட்ரா புல்லக்கின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கியிருக்கிறது. அவரோடு பிணைத்த பட்டையின் மறுமுனையில் ஜார்ஜ் குளூனி. கயிறுகள் நழுவுகின்றன, இரண்டு பேரையும் தாங்காது என்று சொல்லிவிட்டுக் குளூனி தன் கொக்கியைக் கழற்றிக்கொண்டு இருட்டுக்குள் மிதந்து போகிறார். அன்று தியேட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சியது இன்னும் நினைவிருக்கிறது.

பையன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். "மாமா, அவர் ஏன் கழட்டி விட்டாரு?"

"ரெண்டு பேர் எடையைக் கயிறு தாங்காதுல்ல."

"எடையா? அங்கயா?"

மாட்டிக்கொண்டேன். போன மாதம்தான் அவர்களுக்கு நியூட்டன் விதிகளை நடத்தி முடித்திருந்தார்களாம்.

மலை விளிம்பில் ஒருவர் தொங்க, மேலே இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, "என்னை விட்டுடு" என்று கீழே இருப்பவர் சொல்லும் காட்சியை நாம் நூறு படத்தில் பார்த்தாயிற்று. அங்கே கீழே இழுப்பது பூமி. கிராவிட்டியில் அந்தக் காட்சியை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே குளூனி, புல்லக், பக்கத்தில் இருக்கும் விண்வெளி நிலையம், மூன்றும் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. பட்டை இழுபட்டு நின்ற நொடியிலேயே குளூனியின் ஓட்டம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரை அப்பால் இழுக்க அங்கே யாரும் இல்லை. இரண்டு விரலால் சுண்டி இழுத்தால் போதும், பட்டம் இறங்குவதுபோல அவர் புல்லக்கிடம் வந்து சேர்ந்திருப்பார். கயிறுகள் இன்னும் நழுவிக்கொண்டுதான் இருந்தன, அதனால் அவர்கள் முழுவதும் நிற்கவில்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். திரையில் இருவரும் அசையாமல் நின்று நிதானமாகப் பேசி முடிக்கிறார்களே, அதை என்ன சொல்வது?

"லேசா இழுத்திருந்தா ஹீரோ செத்திருக்க மாட்டாரு" என்று பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டான்.

எனக்குப் படங்களில் ஓட்டை தேடும் வியாதி கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்மகெடான் (1998) மாதிரிப் படத்தைப் பிடித்துக் குறை சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. டெக்சாஸ் மாநிலம் அளவு விண்கல், மோதுவதற்கு 18 நாள் முன்புதான் கண்ணில் படுகிறதாம். டெக்சாஸ் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் அகலம். சூரியனைச் சுற்றும் சிறுகோள் கூட்டத்திலேயே பெரியதான சீரிஸ் 940 கிலோமீட்டர்தான். அதையே 1801இல், இன்றைய தொலைநோக்கிகள் எதுவும் இல்லாத காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இது பந்தலில் படுத்துக்கொண்டு யானை வருவதைப் பார்க்கவில்லை என்று சொல்வது மாதிரி. மிஷன் டு மார்ஸ் (2000) படத்தில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அந்த நொடியே உறைந்து ஐஸ் கட்டி ஆகிறார். வெற்றிடம் எப்படிப்பட்ட குளிர்சாதனம் என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் இருக்கும் பிளாஸ்க்கைப் பாருங்கள். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம்தான். காலையில் ஊற்றிய காபி மத்தியானம் வரை சுடுவது அதனால்தான். 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை செய்துகொண்டிருந்த ஒருவரின் உடையிலிருந்து குழாய் பிடுங்கிக்கொண்டது. சுமார் 14 விநாடி நினைவோடு இருந்தார். மயங்குவதற்கு முன் நாக்கில் எச்சில் கொதித்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. உடனே காற்றை உள்ளே விட்டார்கள், பிழைத்துக்கொண்டார். உறையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை.

தெரிந்தே சொன்ன பொய்களும் உண்டு, அவற்றின்மேல் எனக்குக் கோபமே வராது. தி மார்ஷியன் கதையை எழுதிய ஆண்டி வெயர், தொடக்கத்தில் வரும் புயல் நடக்க முடியாதது என்று தானே ஒப்புக்கொண்டவர். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டரில் அடிக்கும் காற்று, நம் ஊர்க் கடற்கரையில் சாயங்காலம் வீசும் காற்றளவுக்குத்தான் தள்ளும். ஆனால் கதாநாயகனை அங்கே தனியாக விட்டாக வேண்டும், அதனால் புயல். இன்டர்ஸ்டெல்லரில் கருந்துளையைச் சுற்றும் ஒளித்தட்டு இரண்டு பக்கமும் ஒரே பிரகாசமாக இருக்கும். நம்மை நோக்கிச் சுழன்று வரும் பக்கம் மிகப் பிரகாசமாகவும் விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும் என்பது இயற்பியலாளர் கிப் தோர்னுக்கும் படக்குழுவுக்கும் நன்றாகத் தெரியும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று விட்டுவிட்டார்கள், விட்டதை ஆய்விதழிலும் எழுதி வைத்தார்கள். 2019இல் எம்87 கருந்துளையின் முதல் படம் வந்தபோது ஒரு பக்கம்தான் தூக்கலாக ஒளிர்ந்தது.

கிராவிட்டி அப்படியில்லை. இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் அதில் அவ்வளவு விஷயங்களைச் சரியாகச் செய்திருக்கிறார். விண்வெளி நிலையமே சுக்குநூறாகும்போதும் சத்தம் கிடையாது, கையுறை எதையாவது தொட்டால்தான் அதிர்வாக ஒரு முனகல் கேட்கும். தள்ளினால் எதிர்ப்பக்கம் போகிறார்கள், சுழன்றால் நிற்காமல் சுழல்கிறார்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் ரஷ்யாவின் சோயுஸ் கலமும் பார்த்து வரைந்ததுபோல இருக்கின்றன. இவ்வளவு நேர்மையாக இருக்கும் மனிதர் நடுவில் ஒரு பெரிய பொய்யைச் சொன்னால் யார் கண்டுபிடிப்பார்கள்? நான் முதல் தடவை கண்டுபிடிக்கவில்லை. 2013 அக்டோபரில் வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் ட்விட்டரில் வரிசையாகக் குறைகளை அடுக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. (அடுக்கிவிட்டு, படம் தனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்றும் சொன்னார்.)

பொய் இதுதான்: ஹபிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் போவது. ஹபிளைப் பழுதுபார்க்க அவர்கள் வந்த ஷட்டில் (நாசாவின் விண்வெளி ஓடம்) நொறுங்கியதும் குளூனி தன் முதுகில் மாட்டிய ஜெட் பையை முடுக்கி, புல்லக்கைப் பட்டையில் கட்டி இழுத்துக்கொண்டு, ஏதோ பக்கத்து ஸ்டாப்புக்கு நடப்பதுபோலக் கிளம்புகிறார்.

பையனுக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் இரண்டு ரப்பர் பேண்டையும் வைத்து விளக்கினேன். ஹபிள் சுற்றும் வளையம் பூமியின் நடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்ந்தது. அது ஃபுளோரிடாவில் கேப் கானவரல் இருக்கும் அட்சரேகை. அங்கிருந்து நேர் கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி இலவசமாகத் தள்ளிவிடும், அதிக உயரத்துக்கு அதிகச் சுமை தூக்கலாம். விண்வெளி நிலையத்தின் வளையம் 51.6 டிகிரி சாய்ந்தது. கஜகஸ்தானில் பைகோனூரிலிருந்து ரஷ்யர்கள் அங்கே போய்வர வேண்டும், ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் சீனாவில் விழாமலும் இருக்க வேண்டும், அதனால் அந்தச் சாய்வு. படம் வந்த காலத்தில் ஹபிள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்.

"150 கிலோமீட்டர்தானே வித்தியாசம்? சென்னையிலருந்து பாண்டிச்சேரி" என்றான் பையன்.

எல்லோரும் விழுகிற குழி அது. உயர வித்தியாசத்தை மறந்துவிடுவோம். இரண்டும் ஒரே உயரத்தில் சுற்றுவதாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு வளையங்களும் வெட்டும் இடத்தில், எப்படியோ ஒரே நேரத்தில் நீங்களும் நிலையமும் வந்துவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். நீங்கள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திசையில் போகிறீர்கள், நிலையமும் அதே வேகத்தில் 23 டிகிரி விலகிய திசையில் போகிறது. உங்கள் கண்ணுக்கு அது விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பாயும். துப்பாக்கித் தோட்டாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஏறிக்கொள்ள முடியாது, அடிபட்டுச் சாகலாம். ஏற வேண்டுமானால் அந்த 3 கிலோமீட்டர் வேகத்தையும் எரிபொருள் எரித்துத்தான் திருப்ப வேண்டும்.

நிஜத்தில் அந்த ஜெட் பை இருந்தது. 1984 பிப்ரவரி 7ஆம் தேதி புரூஸ் மெக்காண்ட்லெஸ் அதை மாட்டிக்கொண்டு, எந்தக் கயிறும் இல்லாமல் ஷட்டிலைவிட்டு 100 மீட்டர் அளவு விலகிப் போனார். கறுப்பு வானத்தில் ஒற்றை வெள்ளைப் புள்ளியாக அவர் மிதக்கும் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பையில் உள்ள மொத்த வாயுவையும் தீர்த்தாலும் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகம்தான் மாற்ற முடியும். தேவைப்படுவதோ 3,000 மீட்டர். பை கிடக்கட்டும், முழு ஷட்டிலாலேயே மேலே போனபின் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர்தான் மாற்ற முடியும்.

வானத்தில் திசை திருப்புவது எவ்வளவு செலவு என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. துருவங்களுக்கு மேலாக வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போக முடியாது, நடுவில் இலங்கை. அதனால் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கான எரிபொருளை பிஎஸ்எல்வி தாங்கிக்கொள்ளும், சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்குக் கட்டுப்படியாகாது. தசராவுக்கு மட்டுமே பெயர்பெற்றிருந்த குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்குக் காரணம் இந்த வளைவுதான். அங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். குலசை என்றதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான், அவன் அப்பா வழி ஊர் அதற்குப் பக்கம்.

ஒரே பாதையில் இருந்தாலும் சேர்வது சுலபம் என்று நினைக்க வேண்டாம். இஸ்ரோ 2024 டிசம்பர் 30ஆம் தேதி ஸ்பேடெக்ஸ் என்று இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பியது. ஒவ்வொன்றும் 220 கிலோ அளவு. ஒரே ராக்கெட், ஒரே பாதை. ஒன்றோடொன்று இணைவது மட்டும்தான் வேலை. தேதி குறித்தார்கள், தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள். ஜனவரி 12ஆம் தேதி மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கின, சோதனைக்காக. ஜனவரி 16ஆம் தேதிதான் சேர்ந்தன. புல்லக் அந்த நேரத்தில் மூன்று நாட்டு விண்வெளிச் சொத்துகளைத் தாவித் தாவிக் கடந்துவிடுகிறார், கடைசித் தாவலைத் தீயணைப்பானைப் பீய்ச்சிக்கொண்டே முடிக்கிறார். (இஸ்ரோ என்றதும் இன்னொன்று. மங்கள்யானின் செலவு 450 கோடி ரூபாய், இது கிராவிட்டி படத்தின் செலவைவிடக் குறைவு என்று 2014இல் ஸ்ரீஹரிகோட்டாவில் பிரதமர் மோடி சொன்னார். கணக்கு சரிதான்.)

சரி, பாதைகளைக் கலந்துவிட்டார்கள், அதனால் என்ன, கதைக்குத் தேவை என்று நானும் பல வருடம் விட்டுவைத்திருந்தேன். எனக்கு ஆதங்கம் வந்தது பிறகு, ஹபிளின் வரலாற்றைப் படித்தபோது. ஹபிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் போக முடியாது என்கிற இந்த ஒரே காரணத்துக்காக நாசா ஹபிளையே சாகவிட முடிவு செய்திருந்தது.

2003 ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா ஷட்டில் கிளம்பும்போது வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஒரு கிலோகூட எடை இருக்காது. 16 நாள் அவர்கள் மேலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பும்போது அந்த ஓட்டை வழியே சூடு உள்ளே புகுந்து கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். கொலம்பியா அப்போது சுற்றிக்கொண்டிருந்தது 39 டிகிரிப் பாதையில். நிலையத்தில் ஏழு பேரை வைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கும் இதே பதில்தான்: அங்கே போக முடியாது.

அதற்குப் பிறகு நாசா ஒரு முடிவுக்கு வந்தது. ஷட்டிலில் அடிபட்டால் ஒதுங்க இடம் வேண்டும், நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த இடம் நிலையமே. ஹபிளுக்குப் போகிறவர்களுக்கு? 2004 ஜனவரியில் நாசா தலைவர் ஷான் ஓகீஃப் ஹபிளின் கடைசிப் பழுதுபார்ப்புப் பயணத்தை ரத்து செய்தார். அதன் கருவிகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க வேண்டியதுதான். அறிவியலாளர்களும் பொதுமக்களும் கொதித்தார்கள். 2006 அக்டோபரில் அடுத்த தலைவர் மைக்கேல் கிரிஃபின் ரத்தை நீக்கினார், ஒரு ஏற்பாட்டோடு: அட்லாண்டிஸ் ஹபிளுக்குப் போகும், அது திரும்பும்வரை பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் தயார்நிலையில் நிற்கும். ஏதாவது ஆனால் எண்டெவரில் நான்கு பேர் போய், இரண்டு கலங்களையும் இயந்திரக் கையால் பிடித்து வைத்து, ஏழு பேரையும் விண்வெளி நடையாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். அந்த மீட்புப் பயணத்துக்கு எஸ்டிஎஸ்-400 என்று எண்ணும் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது, கயிறு, உயிர் பிழைப்பு எல்லாம் இதில் இருக்கிறது, ஒரு விதியையும் மீறாமல். இதை விட்டுவிட்டு ஜெட் பையை எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

அட்லாண்டிஸ் ஹபிளுக்குப் போன பயணத்தில் நடந்தது ஒன்று. 2009 மே 17ஆம் தேதி விண்வெளி வீரர் மைக் மாசிமினோ ஹபிளின் ஒரு கருவிக்குள் மின் அட்டை மாற்ற வேண்டும். மேலே ஒரு மூடி, அதில் 111 குட்டி ஸ்க்ரூ. அத்தனையையும் ஒன்றுகூட மிதந்து போகாமல் பிடிக்கத் தனியாக ஒரு தட்டு செய்து, வருடக்கணக்கில் பழகியிருந்தார்கள். அந்த மூடிக்குக் குறுக்கே ஒரு கைப்பிடிக் கம்பி, அதற்கு நாலே நாலு ஸ்க்ரூ. நாலாவது ஸ்க்ரூ தலை மழுங்கிவிட்டது. கருவியை வைத்துத் திருப்பினால் வழுக்குகிறது. பழைய ஃபேனைக் கழற்றியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல், ஆனால் இது உலகத்துக்கே ஒன்றாக இருக்கும் தொலைநோக்கி. கீழே நாசாவின் கோடார்ட் மையத்தில் பொறியாளர்கள் அதேபோன்ற கம்பியை எவ்வளவு பலத்தில் இழுத்தால் பிய்யும் என்று இழுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மாசிமினோ கீழ்முனையில் டேப்பைச் சுற்றிவிட்டு, ஒரே இழுப்பில் கையால் பிடுங்கி எடுத்தார். அப்புறம்தான் 111 ஸ்க்ரூ. அன்றைய நடை எட்டு மணி நேரத்தைத் தாண்டியது. என்னைக் கேட்டால் குளூனி மிதந்து போனதைவிட இந்த நாலாவது ஸ்க்ரூவில் எனக்குப் படபடப்பு அதிகம்.

இதற்குள் திரையில் புல்லக் சோயுஸுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் துளித்துளியாகக் கன்னத்தைவிட்டுக் கிளம்பி நம்மை நோக்கி மிதந்து வருகிறது. த்ரீ-டியில் கையை நீட்டிப் பிடிக்கத் தோன்றும். நிஜத்தில் கண்ணீர் எங்கும் போகாது. கண்ணிலேயே கோலிக்குண்டு மாதிரி திரண்டு, அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டு பரவும். விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் அதே 2013இல் நிலையத்தில் இருந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் விட்டுக் காட்டிய வீடியோ இருக்கிறது. அழகு குறைவுதான். ஆனால் அந்த ஒட்டும் குணம் எவ்வளவு பயங்கரம் என்று, படம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 16ஆம் தேதி இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோவுக்குத் தெரிந்தது. நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது உடையின் குளிரூட்டும் அமைப்பிலிருந்து தண்ணீர் ஹெல்மெட்டுக்குள் கசிந்தது. ஒரு லிட்டருக்கும் மேல். அது கீழே வடியவில்லை, வடிய அங்கே கீழ் என்று ஒன்று இல்லை. தலையைச் சுற்றி ஒட்டி, காதை மூடி, கண்ணை மூடி, மூக்கையும் மூடியது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்தது. பாதுகாப்புக் கம்பியின் இழுப்பையே வழிகாட்டியாக வைத்துத் தடவித் தடவி வாசலுக்குத் திரும்பினார். வெற்றிடத்தின் நடுவில் நீரில் மூழ்கிச் சாகப் பார்த்த மனிதர்.

இன்னொன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2013இல் எல்லோரும் மிகை என்று சிரித்தது, ரஷ்யா தன் செயற்கைக்கோளையே ஏவுகணையால் உடைக்க, அந்தச் சிதறல் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வந்து தாக்குவதை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தகவல் தொடர்பு செயற்கைக்கோள்களையும் அது காலி செய்வதாகக் காட்டியது தப்புத்தான். ஆனால் 2021 நவம்பர் 15ஆம் தேதி ரஷ்யா தன் காஸ்மோஸ் 1408ஐ ஏவுகணையால் உடைத்தது. 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள். நிலையத்தில் இருந்த ஏழு பேரும், அவர்களில் இரண்டு ரஷ்யர்கள் உட்பட, தத்தம் கலங்களுக்குள் போய் ஒடுங்கினார்கள். அந்தத் துண்டுக் கூட்டத்தை நிலையம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை கடக்கிறது என்று நாசா சொன்னது தெரியுமா? தொண்ணூறு.

படம் முடிந்ததும் அக்கா போன் செய்தாள். என்ன பண்றீங்க என்று கேட்டதற்குப் பையன் ஆரஞ்சு, ரப்பர் பேண்ட், குலசை, பிளாஸ்க் என்று ஒப்பித்தான். "ஏன்டா, படம் காட்டச் சொன்னா பாடம் எடுத்தியா?" என்று எனக்கு விழுந்தது.

அவன் போனில் ஒரு புகைப்படத்தைத் தேடி எடுத்திருந்தான். கென்னடி விண்வெளி மையத்தில் இரண்டு ஏவுதளங்கள், இரண்டிலும் ஷட்டில் நிமிர்ந்து நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல சும்மா நின்னது எது?" என்றான்.

39பி தளத்தில் நிற்பதைக் காட்டினேன். அட்லாண்டிஸ் 2009 மே 24ஆம் தேதி பத்திரமாக இறங்கியது. ஒரு வாரம் கழித்து எண்டெவரைப் பக்கத்துத் தளத்துக்கு நகர்த்தி, ஜூலையில் அதை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள், 51.6 டிகிரிப் பாதையில். எஸ்டிஎஸ்-400 பறக்கவே இல்லை.